வெள்ளிக் கால்

எங்கள் குடும்பத்தில் பக்திக்குக் குறைவில்லை என்பதற்கு அத்தாட்சியாக ஒரு வெள்ளிக் கால் உண்டு. திண்டிவனத்தில் எங்கள் தெருக்கோடி அம்மன் கோயில் உண்டியலில் அது விழுந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போதும் கல்யாணப் பந்தியில் நாலு உறவுக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தால், படுத்த படுக்கையாகக் கிடந்த பெரியப்பாவை அம்மன் எழுப்பி நடக்க வைத்த கதை, இலையில் பாயசம் விழுவதற்கு முன்பே வந்துவிடும். நான் வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் அவர்கள் யாரும் பாயசம் சாப்பிட முடியாது.

அந்தக் கதையில் வராத ஒருத்தி என் அத்தை. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. மதராசில் கட்டிக்கொடுத்தார்கள், கட்டியவர் சீக்கிரமே விஷக் காய்ச்சலில் போய்விட்டார். வெறுங்கழுத்தோடு பிறந்த வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார வேண்டியவள், வரவில்லை. ஒரு நடனக் குழுவில் சேர்ந்து பம்பாய், கல்கத்தா என்று போய்விட்டாள். அந்த நடனத்துக்கு ஓரியண்டல் டான்ஸ் என்று பெயர். சதிரும் இல்லை, தெருக்கூத்தும் இல்லை. கடல் அலை எப்படி எழும்பும், நாற்று நடுகிறவளின் இடுப்பு எப்படி வலிக்கும் என்பதையெல்லாம் பாட்டே இல்லாமல் உடம்பால் காட்டுவார்களாம்.

"நாத்து நடறத காசு குடுத்துப் பாக்கறவன் எவன்டா? கிளியனூர் பக்கம் வந்தா நான் சும்மாவே காட்டுவனே" என்று பெரியப்பா சிரிப்பார். சிரித்து முடித்ததும், தனக்குத் தங்கையே கிடையாது என்பார்.

யுத்த காலத்தில், மதராசில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிவந்தார்கள். அத்தையின் குழுவும் கலைந்தது. அவள் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். பெரியப்பா அவளை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் அதற்கு அவர் எழுந்து வரவேண்டுமே! சில நாள் முன்புதான், தன் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்திருந்தார். வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பெரியம்மா எப்போதோ காலமாகிவிட்டாள். என் அம்மாவோ கைக்குழந்தைக்காரி. அவருடைய மலமூத்திரத்தை யார் எடுப்பது என்று வீடே திகைத்துக் கிடந்த நேரம் அது. அத்தை பெட்டியை இறக்கி வைத்தாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அன்று முதல் பெரியப்பாவுக்குத் தங்கை உண்டு.

வைத்தியர் ஒரு ஜாடி எண்ணெயைக் கொடுத்து, இனிமேல் கட்டில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டாள், பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. செத்துக் கிடந்த கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்தாள். பிறகு உட்கார வைத்தாள். பிறகு அவர் இடுப்பையும் தன் இடுப்பையும் ஒரே துண்டால் சேர்த்துக் கட்டி, எதிரே நின்று, தன் பாதத்தின் மேல் அவர் பாதத்தை ஏற்றி வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தாள். அவள் கால் போனால் அவர் கால் வரும். "ஏக், தோ, தீன்" என்று வாய் எண்ணிக்கொண்டே இருக்கும். பம்பாயில் பிடித்த பழக்கம். எனக்கு அப்போது எட்டு வயது. பெரியப்பா இந்தியில் நடக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

அம்மா ஓடிவந்து ஜன்னலைச் சாத்துவாள். "பக்கத்து வூட்டுக்காரி பாத்தா இன்னா சொல்லுவா? வூட்டுக்குள்ளயே ஆட்டம் நடத்திக்கினு இருக்காங்கன்னு ஊரெல்லாம் பேஜாரு பண்ணிடுவா."

மதராசில் குண்டு விழுந்து ஊரே அழிந்துவிடவில்லை. போனவர்கள் திரும்பினார்கள், குழுவும் மறுபடி சேர்ந்தது. ஒருநாள் அத்தையைத் தேடி ஜிப்பா போட்ட ஓர் ஆள் வந்தார்.

"நாளைக்கு விழுப்புரத்துல வண்டி மாறி தெக்கே போறோம். ஜங்ஷன்ல உங்களுக்காகக் காத்துக்கினு இருப்போம். உங்க எடம் அப்படியே இருக்குது. இப்ப வரலன்னா வேற பொண்ணப் போட்டுடுவாங்க."

அத்தையின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவளுக்கு அந்த நடனம்தான் வீடு, வாசல், புருஷன் எல்லாம். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பெரியப்பாவின் அழுகை கேட்டது. "போயிடாதம்மா... உன்ன வுட்டா எனக்கு யாரு இருக்கா" என்று குழறினார். மண்டியில் கூலிக்காரர்களைக் காலால் உதைத்துப் பேசுகிற மனிதர் அப்படி அழுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

அத்தை உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அந்த ஆளிடம் சொன்னாள். "நேரா நடக்க வந்துடுச்சுங்க. திரும்பத்தான் வரல, திரும்புறப்ப சாஞ்சிடறாரு. அது ஒண்ணு வந்துட்டா நானே வந்துடறேன். அதுவரைக்கும் எடத்த வச்சிருக்கச் சொல்லுங்க."

அவருக்கு உடம்பைத் திருப்பக் கற்றுக்கொடுக்கும்போதுதான் அது நடந்தது. மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு, முழுப் பாரத்தோடு அவள் மேல் சாய்ந்தது. அவளுடைய வலது பாதம் அடியில் மடங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி அவளே கட்டுப் போட்டுக்கொண்டாள்.

"நாலு நாளு படுத்துக்கயேம்மா" என்றார் அப்பா.

"நான் படுத்தா இவரும் படுத்துடுவாருண்ணே" என்றாள். மறுநாள் இடது காலை மட்டும் ஊன்றிக்கொண்டு ஏக், தோ, தீன் ஆரம்பமாயிற்று. கட்டுப் பிரித்தபோது பாதம் கோணலாகச் சேர்ந்திருந்தது.

பெரியப்பா யார் துணையும் இல்லாமல் கூடத்தில் நடந்த அன்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் நடந்தால் வெள்ளியில் கால் செய்து போடுவதாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம். வெள்ளிக்கு எங்கே போவது? அத்தையின் தகரப் பெட்டியில் ஆடும்போது போடுகிற கொலுசு இருந்தது. "இந்தக் காலுக்கு இனிமே கொலுசு எதுக்கும்மா?" என்று அப்பா நல்லவிதமாகத்தான் கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். தட்டான் உருக்கி, உள்ளங்கை நீளத்துக்கு அழகாக ஒரு கால் செய்து தந்தார். அதில் விரலெல்லாம் நேராக இருந்தது.

கோயிலுக்கு எல்லோரும் போனோம். அத்தை மட்டும் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். உண்டியலில் கால் விழுந்ததும், வரும் திருவிழாவில் பெரியப்பாவுக்குத்தான் பரிவட்டம் என்று ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள். அவர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆத்தாவே உனக்குக் காலு குடுத்திருக்கா. ஆட்டக்காரிய வூட்ல வச்சிக்கினு பரிவட்டம் கட்டிக்கினா நல்லாவா இருக்கும்?" என்றார். பெரியப்பா யோசிக்கவே இல்லை. "ஜல்தியா அனுப்பிடறேன்" என்றார்.

வண்டி கட்டட்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாமாம். "நானே நடந்து போயி ரயிலேத்திட்டு வர்றேன்" என்றார் பெரியப்பா. அவரே நடந்து வந்து வழியனுப்பப் போகிறார் என்பதில் எனக்கு ஏகப் பெருமை. அடம்பிடித்து நானும் கூடப் போனேன். கூலியாள் பெட்டியோடு முன்னால் போனான். பின்னால் பெரியப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராக நடந்தார். தெருமுனையில் திரும்பும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். "பாத்து ஊனி வையிங்கண்ணே, அவசரம் வேணாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மதராசில் அவளுடைய இடத்தில் வேறொருத்தி ஆடிக்கொண்டிருந்தாளாம். நொண்டிக் காலுக்கு அங்கே என்ன வேலை? ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, முன்பின் தெரியாதவர்களைத் தூக்கி உட்கார வைத்தே அவள் காலம் கழிந்தது. செத்த தகவல் வந்தபோது பெரியப்பா ஒரு முழுக்குப் போட்டுவிட்டு மண்டிக்குப் போனார், நடந்துதான்.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாதே. ஸ்டேஷனில் அத்தை ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி அசைகிற வரைக்கும் பெரியப்பா அங்கேயே நின்றார். பாசம் என்று நினைத்தேன். அசைந்ததும் வலது காலை ஊன்றி, இடது காலை எடுத்து வைத்து, கொஞ்சமும் சாயாமல் திரும்பி நடந்தார். அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் காலையே பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. ஏக், தோ, தீன்.

"அத்தே, பெரியப்பா தானாவே திரும்பிட்டாரு!" என்று கைதட்டிக்கொண்டு நான் வண்டியோடு ஓடினேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சொல்லிக்கொடுத்தது வந்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்து, இன்னும் பலமாகக் கைதட்டினேன்.