இருபத்தேழாவது அங்கி

இருபத்தாறு. எண்ணை மறக்க வேண்டாம். ஞாயிறு காலை ஒசெல்லா பெட்வே தேய்த்து மாட்டிய பாடகர் அங்கிகள் அத்தனை. இருபத்தேழாவதையும் தேய்த்தார். ஆனால் அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

வாரத்தில் ஐந்து நாள் கெளுத்தி மீன் ஆலையில் தோலுரிக்கிற கை அது. எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிய பிறகே பாட்டுப் புத்தகத்தைத் தொடும். ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கூட்டத்துக்கு வராதவருக்கு ஓட்டு கிடையாது என்று சட்டம் போட்டவர் ஒசெல்லா. அவர் பாடகர் குழுவை நடத்தும் சபையிலும் அதே சட்டம்தான். வியாழக்கிழமை ஒத்திகைக்கு வராதவருக்கு ஞாயிறு அங்கி கிடையாது, பாட்டும் கிடையாது.

அந்த வியாழன் வராதவள் வெர்லீன் ரக்கர். மிசிசிப்பியைத் தாண்டி உலகம் அறிந்த குரல். ஊர் ஊராகக் காதல் பாட்டுப் பாடுகிறவள், மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் எங்கிருந்தாலும் இங்கே வந்து மூன்றாம் வரிசையில் நின்று ஆண்டவரைப் பாடுவாள். அவள் அப்பா இறந்து இந்த ஞாயிறோடு ஓராண்டு. அவர் முன்னின்று பாடிய பாட்டை மகள் பாடுவதாக ஏற்பாடு. அதற்காக ஒரு வருஷமாகக் காத்திருந்தாள்.

"ஒசெல்லாக்கா, அந்தப் புள்ளயக் கேக்க மூணு ஊரு ஜனம் வந்திருக்கு," பாஸ்டர் கழுத்தைத் துடைத்தார்.

"வரட்டும். கர்த்தரப் பாத்துட்டுப் போகட்டும்."

"விமானம் கெடைக்கலயாம்க்கா."

"நம்ம லவர்ன் ரெண்டு ஷிப்டு முடிச்சுட்டு ஒத்திகைக்கு நடந்து வந்தா. அவ காலென்ன றெக்கையா?"

வாசலில் நின்ற வெர்லீன் சிரித்துவிட்டாள். "விடுங்க பாஸ்டர். அத்த சொல்றது சரி. எங்கப்பாவையே ஒருதரம் உக்கார வெச்சவங்க."

"ரெண்டு தரம்," என்றார் ஒசெல்லா.

வெர்லீன் அட்டை விசிறியோடு ஜனத்தின் நடுவே உட்கார்ந்தாள். பாட்டு, பள்ளிப் பேருந்து ஓட்டும் கிளோவிஸுக்குப் போனது. அவளைப் பார்த்த படபடப்பில் மனிதர் எடுத்த எடுப்பிலேயே சுருதியை ஏற்றிவிட்டார். இரண்டாம் அடியில் குரல் கிழிந்தது.

"அவருக்கு ஒத்தாச பண்ணுங்க, ஆண்டவரே!" ஜனம் குரல் கொடுத்தது.

வெள்ளைக் கையுறை போட்ட சபை ஊழியர் ஒருவர் ஓடிவந்து வெர்லீனிடம் மைக்கை நீட்டினார். விசிறியால் அதைத் தள்ளிவிட்டு, வாய் திறக்காமல் கீழ்ச் சுருதியில் முனகத் தொடங்கினாள். பக்கத்து இருக்கைகளும் சேர்ந்துகொண்டன. கிளோவிஸ் தடவித் தடவி அதில் வந்து இறங்கினார்.

"அப்டித்தான் மாமா! மெதுவா, மெதுவா!" என்று வெர்லீன் கத்தினாள்.

மூன்றாம் அடிக்கு சபையே எழுந்து நின்றது. அப்பாவின் பாட்டில் ஒரு சொல்கூட அவள் பாடவில்லை.

ஒசெல்லா நேரே பார்த்தபடி நின்றார். முகவாய் மட்டும் ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது.

"அழுவுறியாக்கா?" லவர்ன் கிசுகிசுத்தாள்.

"வேர்வடி. பாடு."

அடுத்த மாதம், முதல் ஞாயிறுக்கு முந்திய வியாழன். ஒத்திகை ஏழு மணிக்கு. ஐந்தரைக்கே சபையைத் திறக்க வந்தார் ஒசெல்லா. வெர்லீன் பயணப்பெட்டி மேல் உட்கார்ந்து, வாசலில் காத்திருந்தாள். ஒசெல்லா ரவிக்கைக்குள்ளிருந்து அலமாரிச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

அந்த ஞாயிறு மாட்டிய அங்கிகள்: இருபத்தேழு.