நாலு கம்பிக்கு ஆறு கோடு

இசைக்கருவி விற்கும் கடையில் வேலை என்றால் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று நினைப்பவர்களை, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஸ்ரீபெரும்புதூர் கடையில் என் இடத்தில் நிற்க வைக்க வேண்டும். முதலாளி வாங்கிப் போட்டதை விற்றுவிட்டு, வாங்கியவரிடம் திட்டு வாங்கும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கம்பி குறையுது

செல்வி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறாள். லைனில் வரும் பொருளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கம்பெனி ஆண்டு விழாவில், கிட்டார் போலவே சின்னதாக இருக்கும் யுகுலேலேயை வாசித்துப் பாடுவதாகப் பெயர் கொடுத்திருந்தாள். "லைன்ல நிக்கிறவளுக்கு மியூசிக் கேக்குதா" என்று அவள் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சிரித்தாராம். அதனாலேயே வாசித்துக் காட்டியாக வேண்டும். நான் லீவில் இருந்த அன்று முதலாளி அவளுக்கு ஒரு யுகுலேலேயும், வாசிக்கக் கற்றுக்கொள்ள ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகமும் விற்றிருந்தார்.

சில நாளில் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். யுகுலேலே மேல் சிவப்பு ஸ்டிக்கர். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். அட்டையில் மட்டும்தான் யுகுலேலே. உள்ளே முழுக்க கிட்டார் பாடம், எல்லாப் படத்திலும் ஆறு கோடு. யுகுலேலேக்கு இருப்பதோ நாலே கம்பி. அட்டையை மாற்றி அச்சடித்தவன் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால் நடந்திருப்பது வேறு. கருவியில் ஒரு குறையும் இல்லை, புத்தகம்தான் தப்பு என்றேன்.

"அப்ப இது நல்ல பீஸாண்ணே? ரெண்டு கம்பி போடாம அனுப்பிட்டாங்கன்னு நான் ரிஜெக்ட் ஸ்டிக்கர்லா ஒட்டிட்டேன்."

முதலாளியின் தீர்ப்பு

கடையில் இருந்த மஞ்சள் புத்தகங்களை மொத்தமாகத் திருப்பி அனுப்பும்படி முதலாளியிடம் சொன்னேன். தப்புப் புத்தகத்தைப் படித்துவிட்டு, தனக்கு இசையே வராது என்று அந்தப் பெண் முடிவு கட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது? கடையில் ஆள் இருக்கும்போதே கத்தினேன். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் பல் குத்துவதை நிறுத்தவே இல்லை.

"இன்னாத்துக்கு இப்பிடி கத்திக்கினு கீற? ரெண்டு கோட்ட வுட்டுட்டு வாசிக்க சொல்லு, முடிஞ்சிது."

மூன்று ஷிஃப்ட், ஒரு புத்தகம்

இருந்த புத்தகங்களையெல்லாம் கொட்டி நானே ஒன்றைத் தேடி எடுத்தேன். தமிழில் விளக்கம். முதலில் சுருதி சேர்ப்பது, நடுவில் விரல் வைக்கும் படங்கள், நாலு கோட்டோடு, பெரிது பெரிதாக. கடைசியில் தட்டும் முறையும் பாட்டுகளும். மஞ்சளுக்குப் பதிலாக அதைக் கொடுத்து அனுப்பினேன். முதலாளி முகத்தைப் பார்க்கவில்லை.

விழாவுக்கு முந்தைய வாரம் வந்தாள். கையில் புத்தகத்தின் கடைசிப் பாகம் மட்டும்! அறையில் மூன்று பெண்கள், மூன்று பேருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். ஒருத்தி வரும்போது இன்னொருத்தி பஸ் ஏறியிருப்பாள். மற்ற இருவருக்கும் ஆசை வந்துவிட்டதால், யுகுலேலேக்கு முறை வைத்துக்கொண்டு, புத்தகத்தை மூன்றாகக் கிழித்துப் பின் அடித்து ஆளுக்கொரு பாகம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஷிஃப்ட் மாறும்போது பாகமும் மாறுமாம். அந்தக் கணக்கில் விரல் வைக்கும் பாகம் இவள் கைக்கு வருவது விழா முடிந்த பிறகு. பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த புத்தகம்! வாயில் வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"தட்டுறதும் பாடுறதும் எனக்கு வந்துட்டுண்ணே. விரல் வைக்கிறதுதான் பி ஷிஃப்ட்டுல இருக்கு."

ஆண்டு விழா

விழா ஞாயிற்றுக்கிழமை, மூவருக்கும் லீவு. மறுநாள் செல்வி வீடியோவைக் காட்டினாள். மூவருமே மேடையில் இருக்கிறார்கள். முதல் பாகம் படித்தவள் சுருதி சேர்த்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறாள். நடுப் பாகக்காரி பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து கம்பிகளை அழுத்துகிறாள். செல்வி தட்டிக்கொண்டே பாடுகிறாள். ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. லைன் மொத்தமும் எழுந்து நின்று கை தட்டுகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தச் சந்தோஷத்தையும் நிலைக்க விடவில்லை. இரண்டு நாளில் அதே சூப்பர்வைசர் யுகுலேலே புத்தகம் கேட்டு வந்தார். "அந்தப் பொண்ணுங்க படிச்சது இதான் சார்" என்று முதலாளி வாய் கூசாமல் மஞ்சள் புத்தகத்தை எடுத்து நீட்டினார். நான் வெடுக்கென்று பிடுங்கினேன். சூப்பர்வைசர் அதைக் கவனிக்கவில்லை, அவருக்கு வேறு யோசனை.

"நல்லாத்தான் வாசிச்சாங்க. ஆனா ஒரு பாட்டுக்கு மூணு ஆளு ஜாஸ்தி. ஒரே ஆள வச்சு முடிக்கிற மாதிரி புக்கு எதுனா கீதா?"

உங்களுக்கு நல்ல யுகுலேலே புத்தகம் வேண்டுமென்றால் எங்கள் முதலாளி சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து வாருங்கள், இதைவிட நேர்மையாக வியாபாரம் செய்ய எனக்குத் தெரியவில்லை.