கடுகுக்குப் பக்கத்தில் முளைக்காத நெல்

ஈரமண்ணில் கடுகு வெடித்து முளைக்கும்போது மூக்கைக் கிள்ளுகிற ஒரு காரவாசனை வரும். நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், என்றால் மற்றவர்களுக்குக் கேக்கும் பட்டாசும் ஞாபகம் வரலாம்; எனக்கு அந்த வாசனைதான் வரும், அதன் பின்னாலேயே இன்றுவரை தெளியாத ஒரு குழப்பமும் வரும்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த இடத்தைத் "தோட்டம்" என்பார்கள். பேர்தான் தோட்டம், மருந்துக்கும் ஒரு மரம் கிடையாது. ஒரே முற்றத்தைச் சுற்றி ஒன்பது வீடுகள், எல்லாருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். நத்தாருக்குப் பத்து நாள் இருக்கும்போது, பாலன் குடிலைச் சுற்றி வைக்கவென்று வீட்டுக்கு வீடு நெல் விதைப்போம். குடில் முற்றத்துக்கே பொது என்பதால், யாருடைய பச்சை முன்வரிசையில் நிற்கிறது என்பது பிள்ளைகளுக்குள் பெரிய மானப் பிரச்சினை.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், பக்கத்து வீட்டு ஜெனிற்றாவும் நானும் பெரிய பிஸ்கட் தகரத்தின் மூடி ஒன்றில் மண் நிரப்பி, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். என் பாதியில் மாமா கொண்டுவந்த நெல். அவர்கள் வீட்டுக்கு நெல் கொண்டுவந்து தர ஆளில்லாததால் அவள் சமையல் கடுகைத் தூவினாள். "நெருக்கிப் போடுங்கோ, ஒண்டையொண்டு பார்த்துத்தான் எழும்பும். தனிய விட்டா வெக்கப்பட்டுக் கிடக்கும்" என்றார் அம்மா. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஜெனிற்றாவின் அப்பாவோ, "நெருக்கிற பஸ்ஸில ஆர் கால் நீட்டுறது? ஐதாப் போடு பிள்ளை" என்றார். யார் பேச்சைக் கேட்பது? ஓரத்தில் ஐதாகவும் நடுவில் நெருக்கமாகவும் போட்டு வைத்தேன்.

மூன்றாம் நாளே கடுகு குபுகுபுவென்று எழும்பிவிட்டது. என் நெல் ஆறாம் நாள்தான் தலைகாட்டியது, அதுவும் வெளி ஓரத்தில் மட்டும். கடுகை ஒட்டிய பக்கம் நாலு விரல் அகலத்துக்கு மொட்டை. கிளறிப் பார்த்தால் நெல் ஊறி உப்பியபடி அப்படியே கிடக்கிறது. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அதற்கு முந்தின நாள் பின்னேரம் ஜெனிற்றா கையில் கோப்பையோடு அந்த மூடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்ததைக் கண்டிருந்தேன். சவர்க்கார நுரைத் தண்ணீர் ஊற்றிவிட்டாள், எரிச்சல்காரி, என்று முற்றம் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

அவளுடைய அம்மா அவளை இழுத்துவந்து பாதி கட்டிய குடிலின் முன்னால் நிறுத்தினார். "ஊத்தினியா, இல்லையா? மாதா மேல சத்தியம் பண்ணு."

"மாதா மேல சத்தியமா நான் ஒண்டும் ஊத்தேல்ல" என்றாள் ஜெனிற்றா. நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவே இல்லை. அடுத்த வருஷம் அவர்கள் மட்டக்குளிக்கு வீடு மாறிப் போனபோது நான் வெளியே வந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியொரு நெஞ்சழுத்தக்காரி நான்.

எத்தனையோ வருஷம் கழித்து, போன மார்கழியில், வெள்ளவத்தை மாடிவீட்டின் பல்கனியில் இடம் போதாமல், ஒரே தட்டில் நெல்லையும் கடுகையும் விதைத்தேன். கடுகை ஒட்டிய பக்கம் அதே மொட்டை! நான் தனியாக இருக்கிறவள், அதைத் தொட யாருமில்லை. பயிர்களைப் பற்றிப் படித்த ஒரு தோழியைக் கேட்டேன். கடுகிலிருந்து கசிகிற ஏதோ ஒன்று பக்கத்து விதையை அமுக்கிவிடக்கூடும் என்றாள். சில விதைகள் பக்கத்தில் கூட்டம் இருந்தால் முந்திக்கொண்டு முளைக்கும், சில பதுங்கிக் கிடக்கும் என்றும் சொன்னாள். சரி, விஷயம் பிடிபட்டது என்று, உறுதிப்படுத்த இன்னொருமுறை விதைத்தேன். இந்தமுறை நெல் முழுக்க முளைத்துத் தொலைத்தது, கடுகோடு தோளுரசிக்கொண்டு! தண்ணீர் கூடியதா, கடுகு பழசா, எனக்கு ஒரு இழவும் விளங்கவில்லை.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. தை மாதம் விசாரித்து விலாசம் எடுத்துக்கொண்டு மட்டக்குளிக்கு பஸ் ஏறினேன். வழியில் பழைய தோட்டம் இருந்த இடத்தில் வாகனங்களை நிறுத்தியிருந்தார்கள். எது எங்கள் வாசல், எது அவர்களுடையது என்று பிடிபடவில்லை.

ஜெனிற்றா உடனே அடையாளம் கண்டு தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். "நீ ஒண்டும் செய்யேல்ல, கடுகுதான் செய்திருக்கு. என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நான் ஊத்தினனான்டி. மீன் கழுவின தண்ணி. உன்ட நெல்லு எழும்பேல்ல எண்டு பாவமா இருந்திச்சு, உரமாகும் எண்டு ஊத்தினன். நீ கத்தினோன பயந்து பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டன்."

அப்படியானால் நெல்லைக் கெடுத்தது கடுகா, மீன் தண்ணீரா, நான் நெருக்கிப் போட்டதா? "கடுகுதான்டி" என்று மறுபடியும் சொன்னேன். இரண்டாவது தட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"மெய்யாவா?" என்றாள் அவள். "என்ட கை விளங்காத கை எண்டு நினைச்சு, அதுக்குப் பிறகு நான் ஒரு விதையும் போட்டதில்லடி. என்ட பிள்ளையள் குடிலுக்கு பிளாஸ்டிக் புல்லுத்தான் வச்சதுகள்."