நீலக்கல்லில் ஓடிய பச்சை

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று உண்டுதான். நகைக்கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் அது யாருக்கும் தெரியாது, தேவையும் இல்லை. கல்லக்கா என்றால் போதும், மூன்றாவது மாடி, வலது பக்கம் இரண்டாவது கதவு என்று செருப்புத் தைக்கிறவர்கூட வழி சொல்லிவிடுவார். கல் வாங்க நினைக்கிறவர்கள் காசைக் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவள் கல் விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை, பார்த்துச் சொல்வதோடு சரி. அதனால் முன்பின் தெரியாத ஆளிடம்கூடக் கடைக்காரர்கள் கல்லைப் பொட்டலமாக மடித்துக் கொடுத்து, அக்காவிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்புவார்கள். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

வாய் கொஞ்சம் ஜாஸ்தி, அதை மறைப்பானேன். பொட்டலத்தைப் பிரித்ததும் கல்லைத் துணியால் துடைப்பாள். "கல்லைப் பாத்தீங்களா, இல்ல உங்க விரல் அழுக்கப் பாத்தீங்களா?" என்று முதல் அடி விழும். பிறகு வெறும் கண்ணால் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் லென்ஸ். கல்லைப் பக்கவாட்டில் திருப்பி, மேலே ஒரிஜினலும் கீழே கண்ணாடியுமாக ஒட்டிய கோடு ஏதாவது தெரிகிறதா என்று தேடுவாள். உள்ளே குமிழி கிடந்தால் அது கண்ணாடி, பேச்சே இல்லை. யாராவது பெருமையாக, "உள்ள ஒரு தூசுகூட இல்லக்கா" என்றால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "மண்ணுக்குள்ள அத்தனை காலம் கெடந்தது குளிச்சு பவுடர் போட்டுட்டா வரும்? அதான் எனக்குச் சந்தேகமே!"

நிறம் பார்ப்பது கடைசியில், அதுவும் வடக்குப் பார்த்த ஜன்னலோரம், வெள்ளைத்தாளின் மேல். உடுத்தியிருக்கும் துணியின் நிறம் கல்லில் விழுந்துவிடும் என்று வேலைக்கு எப்போதும் சாம்பல் நிறத்தில்தான் போவாள். பஸ் ஓட்டும் அவள் வீட்டுக்காரர், "பூனைக்குட்டி கெளம்பிடுச்சு" என்று தினமும் கேலி செய்வார். விளக்கு வெளிச்சத்தை அவள் நம்ப மாட்டாள். அந்த ஜன்னலைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

ஒரு நாள் அச்சகத்தில் மெஷின் ஓட்டும் ஒருவர் ஒரு நீலக்கல்லோடு வந்தார். கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது, மனைவிக்கு மோதிரம் செய்யவேண்டும் என்று ஆசை. கூடவே மனைவியும் வந்திருந்தாள். கல்லக்கா எல்லாம் பார்த்தாள். ஒரிஜினல், ஒட்டு இல்லை, விரிசல் இல்லை. ஜன்னலோரம் போனதும் முகம் சுளித்தது.

"நீலத்துல பச்சை ஓடுது. சொல்ற அளவுக்கு ஒசந்த கல் இல்ல. வேணாம்னு விட்டுடுங்க."

அந்த அம்மாள் முகம் ஒரு நொடியில் வாடிப்போனது. "அவ்வளவுதானா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான் என்று அக்கா பொட்டலத்தை மடித்துக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த பத்து நாளில் இன்னும் ஆறு நீலக்கற்கள் வந்தன. ஆறிலும் பச்சை. இதென்னடா வம்பு, ஊரிலிருக்கிற நல்ல நீலமெல்லாம் எங்கே போயிற்று என்று முதலில் அலுத்துக்கொண்டாள். பத்தாம் நாள்தான் ஏதோ உறுத்தி, மேஜை டிராயரிலிருந்து தன் சொந்தக் கல்லை எடுத்தாள். மற்றக் கற்களை ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்ப காலத்தில் வாங்கி வைத்த சின்ன நீலக்கல் அது. அதன் நிறம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். வருஷக்கணக்கில் அதை வெளியே எடுக்கத் தேவை வந்ததில்லை, அவ்வளவு தலைக்கனம்.

தாளின் மேல் வைத்தாள். அதிலும் பச்சை ஓடியது.

கல் மாறாது. அவள் தொழிலில் அது ஒன்றுதான் நிச்சயம். அப்படியானால் மாறியது தன் கண். வேறு எப்படி யோசித்தாலும் அங்கேதான் போய் முட்டியது. கண் போனால் கல்லக்கா ஏது? ஐம்பத்து நாலு வயதில் வேறு என்ன வேலை தெரியும்? அதைவிட, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு எத்தனை நாளாகத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்ததும் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்து உட்கார்ந்ததும் எதிரே போய் நின்று முறைத்துப் பார்த்தாள்.

"இந்தச் சட்டை என்ன கலருங்க?"

"முப்பது வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் எஞ்சட்டையப் பாக்கறியா? ஊதா."

"எனக்கும் ஊதாவாத்தான் தெரியுது," என்றவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் பதறிப்போனார். விஷயம் முழுவதும் கேட்டபின், "இவ்வளவுதானா? நீ அழுத அழுகைக்கு நான் என்னென்னவோ நெனச்சுட்டேன். எங்க டிப்போக்காரங்களுக்கு வருஷா வருஷம் கண்ணு பாக்கற டாக்டரம்மா இருக்காங்க. காலைல போலாம், இப்ப மூஞ்சியக் கழுவு" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, அன்று அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டரம்மா எழுத்தைப் படிக்கச் சொன்னார், விளக்கடித்துப் பார்த்தார், வண்ணப் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். கடைசியில் சிரித்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. புரை ஆரம்பிக்கக்கூட இல்ல. கலர் எல்லாம் சரியாச் சொல்றீங்க."

சந்தோஷப்பட வேண்டியதுதானே? இவள் டாக்டரிடம் சண்டைக்குப் போனாள். "இன்னொரு தடவ நல்லாப் பாருங்க டாக்டர். இந்தக் கல்லு பொய் சொல்லாது" என்று கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, ஜன்னலோரம் போய்ப் பிரித்து வைத்தாள்.

சுத்த நீலம். ஒரு துளி பச்சை இல்லை.

திருப்பிப் பார்த்தாள். துடைத்துப் பார்த்தாள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னாள். "நீலந்தான்" என்றார் அவர், பரீட்சை எழுதுகிறவர் மாதிரி பயந்துகொண்டே.

இருவரும் நேரே அவளுடைய அறைக்கு ஓடினார்கள். அதே கல், அதே தாள். மறுபடி பச்சை. அவள் கல்லையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னலில் சாய்ந்தார்.

"எதிர்வீட்டுக்காரனுக்கு வேற பெயின்டே கெடைக்கலியா? கண்ணு கூசுது!"

அவள் நிமிர்ந்தாள். எதிரே காலமெல்லாம் புகை படிந்து சாம்பலாக நின்ற நாலு மாடிக் கட்டடம் அடி முதல் நுனி வரை மஞ்சள் பூசிக்கொண்டு வெயிலில் தகதகவென்று நின்றது. அந்த மஞ்சளெல்லாம் தெருவைத் தாண்டி ஜன்னல் வழியாக அவள் மேஜையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை தட்டாமல் என்ன செய்யும்! வெள்ளைத்தாள்கூட லேசாக மஞ்சள் தட்டித்தான் இருந்தது, பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டிருந்தது. கல்லுக்குள் முடியளவு கோட்டைக் கண்டுபிடிக்கிறவளுக்கு நாலு மாடிக் கட்டடம் தெரியவில்லை.

"அடச்சே!" என்றாள். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்பாடா, போன உயிர் திரும்பி வந்ததே! வீட்டுக்காரர் மேஜையைத் தூக்கிப் பின்பக்க ஜன்னலுக்கு இழுத்துப் போட்டார். அங்கே கல் நீலமாகவே இருந்தது.

ஆனால் அவளால் அதோடு விட முடியவில்லை. வாய்தான் ஜாஸ்தியே தவிர மனசாட்சி உள்ளவள். ஆறு கற்கள் அந்தத் தெருக் கடைகளிலேயே இருந்தன. ஒவ்வொரு கடையாக ஏறி, "தப்பு என் பேர்லதான், திரும்பக் குடுத்தனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து அவர்கள் கேட்டதில்லை. ஒருவர் எழுந்து நாற்காலியை எடுத்துப் போட்டார்.

மிச்சம் அச்சகக்காரர், அவர் நம்பர் அவளிடம் இருந்தது. போனை எடுப்பதற்கு அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மாளின் வாடிய முகம் கண்முன்னாலேயே நின்றது.

"தம்பி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. கல்லுல ஒரு குறையும் இல்ல, வெளிச்சந்தான் கோளாறு. அந்தக் கல்லு இன்னும் கடையில இருந்தா வாங்கிக்கலாம். இல்லன்னா வேற நல்லதா நானே கூட வந்து பாத்துத் தர்றேன். மன்னிச்சுக்கணும்."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ கிசுகிசுப்பது கேட்டது.

"அக்கா," என்றார் அவர் தயங்கித் தயங்கி, "திட்டக் கூடாது. அத அன்னிக்கே வாங்கிட்டோம்."

"என்னது?"

"படியெறங்கி நடுத்தெருவுல நின்னு இவ ஒரு தடவ பிரிச்சுப் பாத்தா. அவ்வளவு அழகா இருந்துச்சு. பச்சையா இருந்தாலும் பரவாயில்ல, இதான் வேணும்னுட்டா. நீங்க வேணாம்னு சொல்லியும் வாங்கிட்டோமேன்னு உங்களுக்குச் சொல்லவே பயமா இருந்துச்சு."

போன் கை மாறிய சத்தம் கேட்டது. "அக்கா, நான் வேலைக்குப் போறது உங்க தெரு வழியாத்தான். நீங்க பாத்துடுவீங்களோன்னு தெருமுனை வந்ததுமே மோதிரத்தத் திருப்பி, கல்லை உள்ளங்கையில மூடிக்கிட்டே நடந்துட்டு இருக்கேன். இனிமே நேராப் போட்டுக்கிட்டு வரலாமா?"

கல்லக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாக் கைய வீசிக்கிட்டு வாம்மா," என்றாள்.