ஃப்ளஷ் டேங்க் மேல் ஒரு துப்பாக்கி

வீடு விற்றுக்கொடுக்கிற பெண்கள் என்றால் ஊரில் பாதிப் பேருக்கு இளக்காரம். கதவைத் திறந்துவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதெல்லாம் ஒரு வேலையா என்பார்கள். அப்படிச் சொல்கிற மகராசன்களை, ஆளரவமில்லாத காலி வீட்டில், பெயரும் போன் நம்பரும் தவிர வேறெதுவும் தெரியாத ஒருவனோடு அரை மணி நேரம் நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் துல்சா நகரத்துக்குத் தெற்கே ரோண்டா ப்ரூவிட் இருபத்திரண்டு வருஷமாக அப்படி நின்றுகொண்டிருக்கிறாள்.

அதற்கு முன்பு பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தவள். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பரீட்சைக்குப் படித்து, இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாம் தடவை லைசென்ஸ் வாங்கினாள். அந்த லைசென்ஸுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறாள். கல்யாணப் படம் அதற்குக் கீழேதான் தொங்குகிறது. கணவன் கர்ட் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பிழைக்கத் தெரிந்த மனுஷன்.

அவள் இடுப்பில் துப்பாக்கி ஏறியது ஆறு வருஷத்துக்கு முன்னால். ஒரு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது, கார் ஷெட்டின் தரைக்கடியில் இருந்த சூறாவளிப் பதுங்கறையைப் பார்க்க வேண்டும் என்றான் வந்தவன். நல்ல சட்டை, நல்ல பேச்சு. இரும்பு மூடியைத் தள்ளிவிட்டு, விளக்குப் போடுவதற்காக ரோண்டா முதலில் இறங்கினாள். வீடு காட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் இறங்குவார்கள். நிமிர்ந்து பார்த்தால் அவன் மேலேயே நிற்கிறான், மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு.

“இதை மூடிட்டா, உள்ள இருக்கிறவங்க கத்துறது வெளிய கேக்குமா மேடம்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

நல்ல வேளையாகப் பக்கத்து வீட்டுக்காரர் வேலியைப் பற்றி ஏதோ விசாரிக்க உள்ளே வந்தார். அவன் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். போலீஸில் சொன்னபோது, “அவன் என்னம்மா செஞ்சான்?” என்று கேட்டார்கள். ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் ரோண்டா அடுத்த வாரமே பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள், உள்ளங்கைக்கு அடங்குகிற துப்பாக்கி ஒன்றை வாங்கினாள், உறையோடு வலது இடுப்பில் செருகி மேலே கோட்டுப் போட்டுக்கொண்டாள். பதுங்கறைக்குப் பக்கத்தில் போனால் கை தானாக இடுப்புக்குப் போய் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்ளும். வந்தவர்களை முதலில் இறங்கச் சொல்லிவிட்டு இவள் மேலேயே நின்றுகொள்வாள்.

கம்பெனியை நடத்துகிற லோரேன் ஹாஸ் அதற்குத் தடை சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை.

“வச்சுக்கடி, வேண்டாங்கல. ஆனா அடுத்தவங்க வீட்டுல அது உன் உடம்பை விட்டு இறங்கினதுன்னு என் காதுல விழுந்துச்சுன்னா, அன்னிக்கே கம்பெனியில உன் பேரை எடுத்துருவேன். சிபாரிசுக்கு யாரும் வரக் கூடாது.”

பயிற்சி வகுப்பிலும் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு எதிரி பாத்ரூம்தான் என்றார் வாத்தியார். அங்கே உட்காரும்போது அதைக் கழற்றி டேங்க் மேல் வைக்காதீர்கள். காலடியில் கிடக்கிற பேன்ட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், அதை எடுக்காமல் உங்களால் எழுந்திருக்கவே முடியாது என்றார். வகுப்பே சிரித்தது. ரோண்டாவும் சிரித்தாள். ஆனால் ஆறு வருஷமும் அதைத் தப்பாமல் செய்தாள்.

தப்பியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்று பிற்பகல் இரண்டிலிருந்து நாலு வரை ஒரு வீட்டைத் திறந்து வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்ட வேண்டும். சர்ச்சில் பிரசங்கம் நீண்டுவிட்டது. உடை மாற்ற நேரமில்லாமல், சர்ச்சுக்குப் போட்டிருந்த பாவாடையோடே நேராக வந்துவிட்டாள். வழியில் தெருமுனையில் பலகை நட்டாள், தபால் பெட்டியில் பலூன் கட்டினாள். உள்ளே வந்ததும் ஓவனில் பிஸ்கட் மாவைத் தட்டி வைத்தாள். வீடு முழுக்க வெண்ணெய் வாசனை அடித்தால் வருகிறவர்களுக்கு வீடு பிடித்துப்போகும்; தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த வித்தை. அப்புறம் பாத்ரூமுக்குப் போனாள்.

பேன்ட் என்றால் காலடியில் விழும். பாவாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், இடுப்பில் உறை இடிக்கிறது. ஒரு நிமிஷம்தானே என்று கழற்றி ஃப்ளஷ் டேங்க் மூடிமேல் வைத்தாள். கை கழுவிக்கொண்டிருக்கும்போது ஓவன் மணி அடித்தது. பிஸ்கட் தீய்ந்தால் அந்த நாற்றம் லேசில் போகாதே என்று ஓடினாள். ஓடினவள் ஓடினவள்தான்.

தட்டை வெளியே எடுக்கும்போதே வாசலில் காலடிச் சத்தம். ஷெல்பி என்று ஓர் இளம் பெண், இரண்டு குழந்தைகளோடு. புருஷனுக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை, இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. பெரியவள் ஹேட்டிக்கு ஆறு வயது. ‘மிஸ் ரோண்டா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டாள். சின்னவன் ரைடருக்கு மூன்று. வந்த இரண்டாவது நிமிஷம் அடுப்புக் குமிழ், மூன்றாவது நிமிஷம் திரைச்சீலைக் கயிறு, நாலாவது நிமிஷம் சுவர் விளக்கு சுவிட்சுகள் அத்தனையும்.

“ரைடர், தொடாதே. அதையும் தொடாதே. அதைச் சொன்னேன்னா இதைத் தொடுன்னு அர்த்தமில்ல,” என்று ஷெல்பி சொல்லிக்கொண்டே வந்தாள்.

படுக்கையறைகளைப் பார்த்தார்கள். சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஷெல்பி கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அப்படி நிற்கிறவர்கள் வாங்குவார்கள் என்பது ரோண்டாவுக்குத் தெரியும். பிறகு கார் ஷெட்டுக்கு வந்தார்கள்.

“பதுங்கறை இருக்கா மேடம்? அவர் ஊர்ல இல்லாதப்ப சூறாவளி சைரன் அடிச்சா எனக்குக் கை காலெல்லாம் உதறும்.”

“இருக்கு, இங்கதான் இருக்கு,” என்றபடி ரோண்டா மூடியருகே போனாள். வழக்கம்போல் கை இடுப்புக்குப் போனது.

வெறும் துணி.

திரும்பிப் பார்த்தாள். ரைடர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஹேட்டியைக் காணவில்லை.

“உங்க பொண்ணு எங்க?”

“பாத்ரூம் போகணும்னா. அப்பவே போனா. ஏன்?”

ரோண்டா ஓடினாள். ஏதோ விபரீதம் என்று ஷெல்பியும் பின்னால் வந்தாள், ரைடரை இழுத்துக்கொண்டு. பாத்ரூம் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. ரைடர் கையை உதறிக்கொண்டு வந்து கதவைக் குத்த ஆரம்பித்தான். உள்ளே சத்தமே இல்லை.

இந்த மாதிரிக் கதவுகளை வெளியிலிருந்து திறக்க ஒரு கம்பி உண்டு. நிலைச்சட்டத்தின் மேல் வைத்திருப்பார்கள். ரோண்டாவின் கை அங்கே போய்விட்டது. அதோடு ஒரு பொய்யும் வாய்வரை வந்துவிட்டது. பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும், நகருங்க, நான் திறந்துவிடுறேன் என்று சொன்னால் போதும். முதலில் உள்ளே நுழைந்து, கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. லைசென்ஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளேயே இருக்கும், இருபத்திரண்டு வருஷமும் அப்படியே இருக்கும்.

ஆனால் குழந்தை கையில் அது இருந்தால்? கம்பி குத்துகிற சத்தத்தில் திடுக்கிட்டுத் திரும்பினால்? இவள் குரல் அந்தக் குழந்தைக்கு யாருடைய குரல்? அம்மா சொன்னால்தான் கேட்கும். அம்மா சொல்ல வேண்டுமானால் அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

“ஷெல்பி,” என்றாள். கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். “என் துப்பாக்கி உள்ள இருக்கு. நான்தான் கழட்டி வச்சு மறந்துட்டேன். குண்டு போட்டிருக்கு. நீங்க பேசுங்க அவகிட்ட. மெதுவா.”

ஷெல்பி கத்தவில்லை. ரைடரைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். கதவில் நெற்றியை வைத்து, தூங்க வைக்கிற குரலில் பேசினாள்.

“ஹேட்டி, தங்கம். உன் கை எங்க இருக்கு?”

“பாக்கெட்டுக்குள்ள,” என்றது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல்.

“ரெண்டு கையுமா?”

“ரெண்டும்தான். இங்க யாரோட துப்பாக்கியோ இருக்கு. பார்த்தா கையைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு பெரியவங்களைக் கூப்பிடணும்னு அப்பா சொல்லியிருக்காருல்ல. நான் கூப்பிட்டேன். யாரும் வரல.”

ரோண்டாவுக்குப் புரிந்தது. சமையலறை ஜன்னலைப் பற்றி இவள் வாய் ஓயாமல் அளந்துகொண்டிருந்தபோது குழந்தை கூப்பிட்டிருக்கும்.

“அப்புறம் ஏன்டா கண்ணு வெளிய வரல? கதவை ஏன் பூட்டின?”

“ரைடர் வெளிய இருக்கான்ல. நான் வந்தா அவன் உள்ள வந்துருவான். அவன்தான் எல்லாத்தையும் தொடுவானே.”

ஷெல்பி கண்ணை மூடிக்கொண்டாள். “ரைடரை நான் தூக்கி வச்சிருக்கேன். இப்பத் திற.”

“திறக்கணும்னா கையை எடுக்கணுமே. எடுக்கலாமா?”

“எடுக்கலாம். ஒரு கை மட்டும்.”

பூட்டு கிளிக்கென்றது. ஹேட்டி வெளியே வந்தாள். வந்ததும் அந்தக் கையை மறுபடியும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். ரோண்டா உள்ளே போனாள். வைத்த இடத்தில், வைத்த மாதிரியே இருந்தது. உறையோடு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“மன்னிச்சுக்கோங்க மிஸ் ரோண்டா,” என்றாள் ஹேட்டி. “நான் ஒண்ணுக்குப் போனேன், ஆனா தண்ணி விடல. டேங்க் ஆடினா அது கீழ விழுந்துரும்ல.”

ரோண்டாவுக்கு அழுகை பீறிட்டு வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் யார், கேட்கிறவள் யார்.

ஷெல்பி அப்போதும் கத்தவில்லை. “மேடம், என் புருஷனும் வச்சிருக்கார். எங்க அப்பாவும் வச்சிருந்தார். உங்களுக்குப் பயம்னா வச்சுக்கோங்க, நான் குறை சொல்லல. ஆனா ஆறு வயசுக் குழந்தைக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லையே,” என்றாள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ரோண்டா வாசல் கதவைச் சாத்தினாள். பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீர் விட்டாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன பிஸ்கட்டுகளுக்கு நடுவே லோரேனுக்குப் போன் போட்டாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பாவாடையைக்கூட விடவில்லை.

லோரேன் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணப்போறாளா?”

“தெரியல. பண்ணலாம். பண்ணணும்.”

“அவ சொல்லி எனக்குத் தெரிஞ்சிருந்தா இன்னிக்கே உன்னை அனுப்பியிருப்பேன், ரோண்டா. நீயே சொல்லிட்ட. ஒரு மாசம் ஒரு வீட்டுச் சாவியும் உன் கையில வராது. வகுப்புக்கு மறுபடியும் போ. செவ்வாய்க்கிழமை மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் நின்னு, என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. அந்தக் குழந்தை சொன்னதையும் சேர்த்து.”

சொன்னாள். பதினான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் சொன்னாள். முடித்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, துணிக்கடையில் உடுப்புப் போட்டுப் பார்க்கிற அறையில் தான் துப்பாக்கியை விட்டுவிட்டு வந்ததைச் சொன்னாள். நாலு வருஷமாகப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லையாம். அவள் உட்கார்ந்ததும் இன்னொருத்தி எழுந்தாள்.

ரோண்டா துப்பாக்கியை விட்டுவிடவில்லை. விடுவதா என்று ஒரு வாரம் யோசித்தாள். அந்த மூடியின்மேல் இருந்த கையும் நிஜம், பாக்கெட்டுக்குள் இருந்த இரண்டு சின்னக் கைகளும் நிஜம். கடைசியில் பாவாடைகளைத்தான் விட்டாள். இப்போது சர்ச்சுக்கும் பேன்ட்தான். கர்ட் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

ஐந்தாவது வாரம் ஷெல்பியிடமிருந்து போன். புருஷன் வந்திருக்கிறார், வீட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

“தாராளமா. எங்க ஆபீஸ்ல வேற யாரையாவது அனுப்புறேன்,” என்றாள் ரோண்டா.

“வேண்டாம், நீங்களே வாங்க. பொய் சொல்லியிருக்கலாம் நீங்க. எனக்குத் தெரியும். அந்தக் கம்பியை நீங்க எடுக்கப் போனதை நான் பார்த்தேன்.”

சனிக்கிழமை காலை நாலு பேரும் வந்தார்கள். புருஷன் நெடுநெடுவென்று இருந்தான். ரோண்டாவின் கையைக் குலுக்கினான், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரைடர் போன தடவை விட்டுப்போன சுவிட்சுகளைத் தேடிப் போனான். ஹேட்டி மட்டும் ரோண்டாவை மேலும் கீழும் அளந்து பார்த்தாள்.

நடுவில் ரோண்டா பாத்ரூம் போக வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது ஹேட்டி கதவுக்கு எதிரே காத்துக்கொண்டிருந்தாள், இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு.

“மிஸ் ரோண்டா, உங்களோடது எங்க?”

ரோண்டா கோட்டை ஒதுக்கி இடுப்பைக் காட்டினாள். ஹேட்டி தலையாட்டினாள். ஆனால் நம்பிவிடவில்லை. ரோண்டாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள், டேங்க் மேல் பார்த்தாள், வாஷ்பேசின் ஓரம் பார்த்தாள், கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள். அப்புறம்தான் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்தினாள். தண்ணீர் சோவென்று இறங்கியது.

“அன்னிக்கு விட்டுப்போச்சுல்ல,” என்று சொல்லிவிட்டு அம்மாவைத் தேடிப் போனாள்.