ட்ரான்ஸ்போமர் வந்த தெரு

தொழிலுக்குக் காசு கேட்டு என்னிடம் வருகிறவர்களிடம் என்ன இலாபம் வரும் என்று நான் கேட்பதில்லை. என்னென்ன கெட்டுப்போகும் என்று கேட்பேன். கல்முனை பஸாரில் என் ஹாட்வெயார் கடையின் உள்ளே, பெயின்ட் டின் அடுக்கிய சுவரோரம் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் கிடக்கின்றன. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்காருவார்கள். ப்ளேன்டீ வரும். கோழிப்பண்ணை, தும்புக் கயிறு, மருதமுனையில் நெய்கிற சாரத்தை நேரே கொழும்புக்கு அனுப்பும் யோசனை என்று ஆளுக்கொரு திட்டத்தை விரிப்பார்கள். நான் கோழிக்கு வரும் நோயைப் பற்றிக் கேட்பேன். பலர் தேநீரை முழுதாகக் குடிக்காமலே எழும்பிப் போவார்கள். ஊரில் எனக்கு 'யோசினைக் காக்கா', எந்நேரமும் கவலைப்படுகிற அண்ணன், என்று பெயர். பயந்தவன் கையில் காசைக் கொடுத்து வைக்கலாம், அவன் விளையாட மாட்டான் என்றுதான் பிற்காலத்தில் பள்ளிவாசலும் கட்சியும் என்னைத் தேடி வந்தன போலும்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. கடை திறக்க வேறு ஆள் இல்லை. அன்றைக்குப் பிடித்த பழக்கம் இது. நன்றாக நடக்கிற எதைப் பார்த்தாலும் அது எந்தப் பக்கம் சாயும் என்று தேடத் தொடங்கிவிடுவேன். பிள்ளைகளின் கல்யாண வீட்டில்கூடப் பந்தலின் கம்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

இப்படிப்பட்டவனுக்கு ஏற்ற தொழிலல்ல நான் செய்தது. வட்டி நமக்கு ஹராம். ஆகவே ஒருவருக்கு முதல் போட்டால் பங்காளியாகத்தான் போடலாம். முதல் என்னுடையது, உழைப்பு அவருடையது, இலாபத்தில் இரண்டு பேருக்கும் பங்கு. நட்டம் வந்தால் என் முதல் என்னோடு போகும், அவருடைய உழைப்பு அவரோடு போகும். அவர் எனக்கு ஒரு சதமும் தரவேண்டியதில்லை. இந்த ஒழுங்கில் எத்தனையோ பேருக்கு முதல் போட்டேன். பாதிக்கு மேல் தண்ணீருக்குள் போனது. மிச்சம் என்னைத் தாங்கியது.

ஐஸ் கம்பனித் தம்பி வந்தது அப்படி ஒரு அஸருக்குப் பிறகுதான். சாய்ந்தமருது கடற்கரையில் சின்னதாக ஒரு மீன் வாடி, ஓலைக் கொட்டில், வைத்திருந்தவரின் மகன். முப்பது வயதிருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள். கட்டாரில் பெரிய கட்டடங்களுக்குக் குளிரூட்டும் மெஷின் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஐஸ் வெளியூரிலிருந்து லொறியில் வருகிறது, லொறி பிந்தினால் போட்காரர்கள் வந்த விலைக்கு மீனைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், இங்கேயே ஐஸ் அடித்தால் என்ன என்றார்.

"என்னென்ன கெட்டுப்போகும்?" என்றேன்.

"எல்லாம் கெட்டுப்போகும் காக்கா" என்று சிரித்தார். "உப்புக் காத்துல இரும்பு திங்கும். கேஸ் லீக் ஆகும். மாரிக்குக் கடலுக்குப் போகமாட்டானுகள், ஐஸ் விக்காது. கரண்ட் போகும். நான் வருத்தமாக் கிடந்தா மெஷின் பாக்க ஆள் இல்ல. இன்னும் வேணுமா?"

அவ்வளவையும் நானே மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். என்னைவிட ஒன்று கூடுதலாகச் சொன்னார். எனக்கு ஆளைப் பிடித்துப்போனது. ஆனாலும் பயம் விடவில்லை. கம்பனியை நான் போடுகிறேன், நீங்கள் மாதச் சம்பளத்துக்கு நின்று நடத்துங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சம்பளத்துக்கெண்டா நான் கட்டார்லயே இருந்திருப்பன் காக்கா. பங்கெண்டாச் சொல்லுங்க. இல்லாட்டி இந்த டீயோட சரி."

பங்கு என்றே முடிந்தது.

அந்த ஐஸ் கம்பனி ஓடிய காலம் என் வாழ்வில் நல்ல காலம். விடியற்காலை ஸுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரை வீதியால் நடந்துபோவேன். கொம்பிரஷரின் இரைச்சல் தூரத்திலேயே கேட்கும். அது கேட்டால்தான் அன்றைய நாள் எனக்குத் தொடங்கும். நாட்டில் கரண்ட் வெட்டின காலத்தில்கூட டீசல் வரிசையில் நின்று, ஜெனரேட்டர் போட்டு, ஐஸைக் குறைத்து அடித்துத் தம்பி சமாளித்தார். ஒரு நோன்பு காலத்தில் கடைக்கு வந்து மேசையில் ஒரு கவரை வைத்தார்.

"என்ன தம்பி இது? பங்குக் கணக்குப் போன கிழமைதானே பாத்த."

"ஸகாத் காக்கா. இந்த வருஷம் எனக்கும் கடமையாகிட்டு. பள்ளிவாசல் கமிட்டியில நீங்கதானே சேக்கிற." வசதி வந்தவர்கள் இல்லாதவர்களுக்கு வருடாவருடம் கொடுக்கவேண்டிய தானம் அது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஸகாத் வாங்குகிற வீட்டில் பிறந்து கொடுக்கிற ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்கள் முகத்தில்கூட அந்த வெளிச்சத்தை நான் அதிகம் கண்டதில்லை. அன்றைக்கும் நான் என்ன யோசித்தேன் என்றால், அடுத்த வருடமும் இவருக்குக் கடமையாகுமா என்றுதான்.

கரண்டில்தான் சிக்கல் வந்தது. தெருவில் வீடுகள் கூடக் கூட, பின்னேரம் எல்லோரும் லைட் போட்டதும் கரண்ட் இறங்கி மெஷின் நின்றுவிடும். பெரிய மெஷின் போட்டால்தான் எல்லாப் போட்களுக்கும் ஐஸ் காணும். ஆனால் அந்த லைன் அதைத் தாங்காது. கரண்டுக் கந்தோரில் கேட்டோம். தனி ட்ரான்ஸ்போமர் வேண்டும், வரிசை நீளம் என்றார்கள். அந்த நேரம் தேர்தல் வந்தது. நம்மூர் வேட்பாளர் ஒருவர் தன் ஆட்களோடு கடைக்கு வந்தார்.

"ட்ரான்ஸ்போமர்தானே காக்கா? கடலுக்குள்ள ரோட்டுப் போடச் சொல்லல்லயே நீங்க" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். "செய்வம். ஆனா எனக்குக் காசு சேக்க ஒரு நம்பிக்கையான ஆள் வேணும். மத்தவனுகள் சேத்தா பாதி வழியில கரைஞ்சிரும்."

காசு சேர்ப்பதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. யாரும் தொகை கேட்பதில்லை. போய் உட்கார்ந்து மழை, நெல் விலை, மக்கள், பேரப்பிள்ளைகள் என்று கதைத்துவிட்டு எழும்பும்போது, "அவர் நிக்கிறாராம்" என்று சொன்னால் போதும். இரண்டு நாளில் ஆள் வரும். ஆனால் சம்மாந்துறை அரிசி ஆலை ஹாஜி அப்படி விடுகிற ஆளல்ல. "நிண்டு வெண்டு என்ன கிழிக்கப் போறாராம்?" என்று நேரே கேட்டார்.

நான் ஐஸ் கம்பனியைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த நல்ல கதை அது ஒன்றுதான். ஒரு ட்ரான்ஸ்போமர் வந்தால் ஒரு கரையே நிமிரும், மீனுக்கு விலை நிற்கும், இந்தக் கரைக்கு இப்போது அடிக்கிற ஐஸ் பாதிக்குக்கூடக் காணாது என்று சொன்னேன். ஹாஜி சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். மாரிக்கு என்ன செய்வீர்கள், உப்பு இரும்பைத் தின்னாதா, கேஸுக்கு எங்கே போவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் மற்றவர்களிடம் கேட்கும் கேள்விகளை என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன். அந்தத் தேர்தலில் நான் சேர்த்த காசெல்லாம் ஒரு பக்கம், ஹாஜி கொடுத்தது ஒரு பக்கம்.

வேட்பாளர் வென்று எம்பி ஆனார். ட்ரான்ஸ்போமரும் வந்தது. அது வராமல் போய்விடுமோ என்று அவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்தேன். வந்தால் எங்கே வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. என்ன கெட்டுப்போகும் என்று அத்தனை சொன்ன தம்பியும் யோசிக்கவில்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஹாஜி தன் மகனுக்கென்று வாங்கிப்போட்ட வளவின் வாசலில் அதை நட்டார்கள். மகன் சாய்ந்தமருதில் பெண் எடுத்து அங்கேயே குடியிருந்தார். ரிப்பன் வெட்டின அன்றைக்கு வளவுக்குள் அத்திவாரம் வெட்டிக் கிடந்தது. என்ன கட்டுகிறார்கள் என்று கேட்டேன். ஐஸ் கம்பனி என்றார்கள்.

எம்பியை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "காக்கா, ஊருக்கு ஐஸ் காணாதெண்டு நீங்கதானே சொன்ன? இப்ப காணும்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஹாஜி அவரைப்போல நழுவவில்லை. பக்கத்தில் வந்து நின்றார். "கோவிக்காதீங்க. தொழில்தானே. நீங்க சொல்லித் தந்த மாதிரி ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரல்ல" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். அதுதான் இன்னும் மனதில் கிடந்து அறுக்கிறது.

பெரிய மெஷினில் அடிக்கிற ஐஸ் மலிவு. போட்காரர்களைக் குறை சொல்ல முடியாது. தம்பி விலையைக் குறைத்தார், பிறகு இன்னும் குறைத்தார். என் சொந்தக் காசில் கொஞ்சம் கொடுக்கப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நட்டத்தில உங்கட பங்க நீங்க தாங்குறீங்க. என்ட பங்க நான் தாங்குறன். இது பங்கில இல்லாத காசு காக்கா."

அவர் அதை எப்படித் தாங்கினார் என்பது அடுத்த நோன்புக்கு முன் ஸகாத் கமிட்டியில்தான் தெரிந்தது. நான்தான் தலைமை. அவருடைய குடியின் மரைக்காயர், கஷ்டப்படுகிற வீடுகளைப் பள்ளிவாசலுக்குச் சொல்லுகிற பெரியவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பொஞ்சாதிட பேரில கிழமைக்குக் கிழமை கட்டுற கடன் எடுத்திரிக்கான். வட்டியோட. காப்பும் அடகில. கடன்பட்ட ஆக்கள் எண்ட வகையில குடுக்கலாம்." யாருடைய வீடு என்று சொன்னபோது கூட்டத்தில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

மௌலவிதான் கதைத்தார். "குடுக்கலாம். ஆனா அவர் உங்கட பங்காளியா இருக்கும்வரைக்கும் குடுக்க ஏலா. ஸகாத் காசு அவர்ட கையால உங்கட மெஷினுக்குள்ள போயிரும். பங்கை முடிச்சிட்டு வாங்க." பிழையில்லாத பேச்சு. அந்த வருடம் கமிட்டிக்கு அதிகம் ஸகாத் தந்தவர் அரிசி ஆலை ஹாஜி என்பதும் அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

தம்பியிடம் போய்ச் சொன்னது நான்தான். வாப்பாவின் மீன் வாடிக்கு முன்னால் வலை காய்ந்துகொண்டிருந்தது. ஸகாத் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் வலையின் ஒரு கண்ணை விரலால் இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பிள்ளைகளுக்குத் தெரிய வேணாம்" என்றார். வலையை விட்டுவிட்டு, "மெஷினை யார் எடுப்பா?" என்று கேட்டார்.

பங்கை முடிப்பதென்றால் பொருளை விற்றுக் காசாக்க வேண்டும். இந்தக் கரையில் ஐஸ் மெஷினை எடுக்கக்கூடியவர் ஒருவர்தான். ஹாஜி நியாயமான விலையே சொன்னார். மாற்று மெஷினாக வைத்துக்கொள்வாராம்.

கழற்றுகிற அன்று காலையிலிருந்து நின்றேன். வேறு ஆளை வைத்துக் கழற்றலாம் என்றதற்குத் தம்பி சம்மதிக்கவில்லை. அவர்கள் குழாயை உடைத்துப்போடுவார்கள் என்றார். ஒவ்வொரு ஆணியையும் எண்ணெய் விட்டுத் துடைத்து ஒரு பால்மா டின்னுக்குள் போட்டார். எனக்குக் கால் கடுக்கத் தொடங்கியது. "நீங்க நிழலுக்குப் போங்க காக்கா. யோசிக்காதீங்க" என்றார். கடைசியில் கொம்பிரஷர் நின்ற இடத்தில் துருப்பிடித்த சதுரம் ஒன்றும் கொஞ்சம் ஈரமும் மிஞ்சின.

லொறியோடு ஹாஜியும் வந்திருந்தார். மெஷினை ஏற்றி முடித்ததும் டின்னை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். "இவ்வளவு பத்திரமாக் கழட்டி நான் பாக்கல்ல. மெஷினோட ஆளையும் தாங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். "கம்பனியில மகன் தனியாத்தான் நிக்கான். வாங்களன்."

தம்பி என்னைப் பார்க்கவில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லிவிடுவார், கட்டாருக்காவது திரும்பிப் போவார், ஏதாவது ஒன்றைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போவார் என்று, எப்போதும் கெடுதலையே எதிர்பார்க்கிற நான், அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நல்லதை எதிர்பார்த்து நின்றேன்.

அவர் சாரத்தில் கையைத் துடைத்தார்.

"சம்பளம் எவ்வளவு ஹாஜி?"

ஹாஜி ஒரு தொகை சொன்னார். கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள் என்று என் வாய்வரை வந்தது. அவர் கேட்கவில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டு, வளைவுகளில் மெஷின் ஆடாமல் பிடித்துக்கொள்ள லொறியின் பின்னால் ஏறி நின்றார்.

போன வாரம் எம்பியின் ஆள் கடைக்கு வந்தார். அடுத்த தேர்தலுக்கும் காசு சேர்க்க நான்தானாம். பாப்பம் என்றேன். அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு ப்ளேன்டீயை முழுதாகக் குடித்துவிட்டுப் போனார்.