தேத்தண்ணியோடு முடிந்த சம்பந்தம்

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். எனக்கு மூத்தவளான ராத்தாவுக்காக வாப்பா மீன் விற்றுக் கடற்கரைப் பக்கம் எழுப்பிய வீட்டுக்கு ஓடு போட்ட கையோடு சுனாமி வந்தது. வீடும் போனது, வாப்பாவும் மவுத்தாகிவிட்டார். கடலுக்குக் கிட்ட என்று அந்த இடத்தில் அரசாங்கம் திரும்பக் கட்ட விடவில்லை. தருவதாகச் சொன்ன வீடு பேச்சோடு நின்றது. உம்மா, ராத்தா, நான் மூவரும் தகரக் கொட்டிலில் இருந்தோம். ராத்தாவுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள்.

சுனாமி வந்து நாலு வருஷத்துக்குப் பிறகு, நாட்டில் சண்டை முடிந்து சந்தியில் பட்டாசு கொளுத்தியபோது நான் கம்பஸ் லீவில் வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன். "இனி எல்லாம் சரிவரும் ராத்தா, வீடும் வரும்" என்று தைரியமாகச் சொன்னேன்.

வந்தது மாப்பிள்ளையின் உம்மா.

"மச்சி, குறை நெனைக்காதீங்க. மகனுக்கும் வயசு போகுது. நிந்தவூர்ல ஒரு இடம் வந்திரிக்கி. வீட்டோட."

"நல்லந்தானே" என்றாள் என் உம்மா. "இந்தக் கொட்டிலுக்கு வந்தா மாப்பிள்ளை எங்க படுப்பார், என்ட கால்மாட்டிலயா?"

அவள் மட்டும்தான் சிரித்தாள்.

எனக்குக் கொதித்தது. "இத்தின வருஷம் வெச்சிருந்திட்டு இப்பவா மாமி?"

"நீ சும்மா இரி தம்பி." ராத்தா தேத்தண்ணியோடு வந்தாள். "ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கலாம் மாமி. நேர வந்து என்ட மூஞ்சயப் பாத்துச் சொன்னீங்க. வேற ஆரு இவ்வளவு காலம் காத்திருப்பாங்க? அல்லாஹ் உங்களுக்கு பறக்கத் தரட்டும்."

மாமி அழுதுவிட்டாள்.

"குடிங்க, ஆறுது" என்றாள் ராத்தா.

மாமி போனபின் கேட்டேன். "எப்பிடி ராத்தா உங்களுக்கு அப்பிடிச் சொல்ல வந்திச்சி?"

"பொய் இல்ல தம்பி. அவங்க காத்திருந்த வரைக்கும் என்னையும் ஒரு வீட்டுக்கு வேணும் எண்டு இருந்திச்சி. அலைக்குப் பிறகு எனக்கு மிஞ்சினது அது மட்டும்தான்."

வேறு யாராவது வருவார்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். மாமி குடித்த கோப்பையை எடுத்துக் கழுவப் போனேன். நான் உழைத்து ஒரு வீடு கட்டும்போது அவளுக்கு என்ன வயசாகியிருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

மாமி மகனின் கலியாணத்துக்கு அழைப்புச் சொன்னாள். ராத்தா எங்களையும் இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவள், "வீடு நல்ல காத்தோட்டம், மாஷா அல்லாஹ்" என்றாள். மெய்யாகவே சொன்னாள்.